பப்படம் குதிரைக்கு ஆனை வரவேற்பு

மட்டாஞ்சேரியில் குதிரைகளைப் பற்றி முழுமையாக அறிந்தவர் ஒரே ஒருவர்தான். பெயர் அஜீஷ். ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு.

அவன் இதுவரை ஒரு குதிரையையும் நேரில் பார்த்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. அந்தத் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை என்பதால், அவன் சொன்னதை மறுக்க ஆளும் இல்லை.

"குதிரைன்னா கொஞ்சம் மெலிஞ்ச ஆனை, அவ்வளவுதான்" என்பான். "ஆனைக்கு எது பிடிக்குமோ அது குதிரைக்கும் பிடிக்கும்."

பக்கத்து வீட்டு அஞ்சு அவன் வகுப்பில்தான் படிக்கிறாள். "நீ ஆட்டைப் பார்த்தாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறவன்" என்றாள்.

"ஆடு வேற. ஆட்டுக்கு விவரம் பத்தாது."

இந்த விவரக்காரனுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. சீதாலக்ஷ்மி என்ற பெண், நடக்க முடியாத பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்க நிதி திரட்டுவதற்காக, கன்னியாகுமரியிலிருந்து காசர்கோடு வரை குதிரையில் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை அவர் மட்டாஞ்சேரி பஜார் வழியாக வருவார். ஃபோர்ட் கொச்சியில், வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகில் குதிரையோடு ஏறி, அக்கரையில் இருக்கும் வைப்பினுக்குப் போவார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஓடிப்போய்க் குதிரையைப் பார்க்க அவர்களால் முடியாது. குதிரைதான் அவர்களிடம் போக வேண்டும்.

தெருவில் வரவேற்புக் குழு அமைந்தது. தலைவர், செண்டை மேளம் அடிக்கும் நாணு சேட்டன். அவர் நிபுணரைத் தேடி வந்தார்.

"மோனே, குதிரைக்குச் செண்டை பிடிக்குமா?"

"உயிர்" என்றான் அஜீஷ்.

"தின்ன எந்தா கொடுக்கலாம்?"

"பனை ஓலை. வெல்லம். ஒரு குலை பழம்."

"ஆனைக்குக் கட்டுற மாதிரி நெற்றிப்பட்டம் கட்டணுமா?"

அஜீஷ் கண்ணை மூடி யோசித்தான். "வேண்டாம். குதிரைக்கு முகம் சின்னது. வழி தெரியாமப் போயிடும்."

நாணு சேட்டன் மிகவும் திருப்தியோடு போனார்.

சனிக்கிழமை காலை பஜாரில் வகுப்பில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அஜீஷ் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். குதிரை தன்னைப் பார்த்ததும் தானாக நிற்கும் என்றும், தான் ஏறி உட்கார்ந்து ஜங்கார் வரை போகப்போவதாகவும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

டக், டக், டக்.

"வந்தாச்சு, வந்தாச்சு" என்று அஞ்சு அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

அரிசி லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. உடம்பெங்கும் பொரித்த அப்பளத்தின் கொப்புளம் போலப் பழுப்புப் புள்ளிகள். அதனால் அதன் பெயர் பப்படம். அஜீஷ் ஓரடி பின்வாங்கினான். இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று அவன் யாருக்கும் சொன்னதில்லை, தனக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் சேணம் காலியாக இருந்தது. சீதாலக்ஷ்மி குதிரையின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"இதென்ன கூத்து" என்றான் அஜீஷ், எல்லோருக்கும் கேட்கும்படி. "குதிரையை வச்சுக்கிட்டு நடந்து வர்றாங்க. சைக்கிள் வாங்கித் தோள்ல தூக்கிட்டுப் போற மாதிரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். சீதாலக்ஷ்மிக்கும் கேட்டுவிட்டது. அவரும் சிரித்தார்.

"கொஞ்ச தூரம் அவ என்னைத் தூக்குவா, தம்பி. கொஞ்ச தூரம் என்னை நானே தூக்கிக்குவேன். அப்பதான் காசர்கோடு வரும்."

அஜீஷ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நாணு சேட்டன் செண்டையில் முதல் அடியைப் போட்டார்.

பப்படம் துள்ளியது. கயிறு சீதாலக்ஷ்மியின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. பனை ஓலைக் கட்டு ஒரு பக்கம், வாழைக்குலை ஒரு பக்கம். குதிரை இரண்டு கிடங்குகளுக்கு நடுவே இருந்த முட்டுச் சந்துக்குள் புகுந்து, கடைசிச் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

சீதாலக்ஷ்மி மெதுவாக அருகில் போய்க் கயிற்றைப் பிடித்தார். கூப்பிட்டார். தட்டிக்கொடுத்தார். அது அசையவில்லை.

"இப்ப வரலைன்னா ஜங்கார் போயிடும்" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "கூட்டம் வர்றதுக்கு முன்னால இந்த ஒரு நடையிலதான் குதிரையை ஏத்துவோம்னு சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க காலையிலேருந்து வாசல்ல உட்கார்ந்திருக்கும்."

"உற்சாகம் போதலை. அதான் காரியம்" என்று நாணு சேட்டன் முடிவு செய்தார். இன்னும் பலமாக அடித்தார். ஊரும் சேர்ந்து கைதட்டியது.

அஜீஷ் குதிரையின் கால்களைப் பார்த்தான். அதன் முட்டி நடுங்கியது.

அந்த நடுக்கம் அவனுக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்றபோது அவன் முட்டியும் இப்படித்தான் ஆடியது. கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தியது. கைதட்டத் தட்ட நடுக்கம் கூடியதுதான் மிச்சம்.

"சேட்டா, நிறுத்துங்க."

"நீயல்லே உயிருன்னு பறஞ்சது?"

"தப்பாச் சொல்லிட்டேன் சேட்டா. எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

வகுப்பில் பாதிப் பேர் இதைக் கேட்டார்கள். அதற்காக வெட்கப்படுவதை அஜீஷ் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தான். இப்போது வேலை இருந்தது.

செண்டை நின்றது. பஜார் நிற்கவில்லை. ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. லாரியிலிருந்து மூட்டைகள் தொம் தொம் என்று விழுந்தன. மட்டாஞ்சேரி பஜாரைச் சத்தம் போடாதே என்று சொல்ல வேண்டுமானால், அதைவிடப் பெரிய சத்தம் போட்டாக வேண்டும்.

அஜீஷ் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினான். குழந்தை தூங்குகிறது.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் உடனே எஞ்சினை அணைத்தார். "யாரோட குஞ்ஞு?" என்று கிசுகிசுத்தார்.

அஜீஷ் சந்துக்குள் கை காட்டினான். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். குழந்தை கொஞ்சம் பெரியதாகத்தான் இருந்தது. ஆனாலும் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே ஓரம் கட்டினார்.

அஜீஷ் சாலையின் ஒரு பக்கமாக ஓடினான். மறுபக்கம் அஞ்சு ஓடினாள். கன்னத்தில் கை, கன்னத்தில் கை. மூட்டை தூக்குகிறவர்கள் அரிசி மூட்டையை முட்டைக் கூடை போல இறக்கி வைத்தார்கள். சாயாக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். சுக்குக் கிடங்கில் ஒருவர் தும்மலை அடக்கியதில் அவர் கண்ணில் நீர் வந்தது. நாணு சேட்டன் செண்டையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். காகங்கள் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

பஜார் அமைதியானது.

பப்படத்தின் ஒரு காது திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு முழுக் குதிரையும்.

டக்.

அஜீஷ் முன்னால் போனான், கன்னத்தில் கையோடு. பின்னால் டக், டக் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. வாய் நிறையச் சிரிப்பை வைத்துக்கொண்டு பஜாரே ஓரமாக நின்றது.

ஃபோர்ட் கொச்சியில் தண்ணீர் தெரிந்தது. ஜங்காரும் தெரிந்தது. அது இன்னும் புறப்படவில்லை.

சீதாலக்ஷ்மி அவனைப் பார்த்தார். "ஏறுறியா தம்பி? படகு வரைக்கும்?"

மறு நிமிடம் அஜீஷ் குதிரை மேல் இருந்தான். உலகம் சட்டென்று கீழே போய்விட்டது. சீன மீன்வலைகள், கப்பல்கள், அண்ணாந்து பார்க்கும் வகுப்புத் தோழர்கள். அவன் நெஞ்சு செண்டை போல அடித்தது. அவன் சொன்னதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

நாலு அடி போயிருக்கும். அவன் கால்களுக்கு நடுவே பப்படத்தின் விலா ஏறி ஏறி இறங்கியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வியர்வையில் ஈரம். உள்ளே எங்கோ இன்னும் ஒரு நடுக்கம் மிச்சம் இருந்தது.

"அக்கா, நான் இறங்கிக்கிறேன்."

"பயமா இருக்கா?"

"இல்லை."

ஆச்சரியம் என்னவென்றால், அது உண்மை.

அவன் சறுக்கி இறங்கினான். "அதுக்குள்ளயா?" என்றாள் அஞ்சு. "எல்லாரும் பார்க்கிறாங்கடா. உட்கார வேண்டியதுதானே?"

அஜீஷ் பப்படத்தின் ஈர விலாவைத் தடவிக்கொடுத்தான். கயிற்றை வாங்கிக்கொண்டு, பப்படத்தின் காலுக்குக் கால் வைத்து, அதன் பக்கத்திலேயே ஜங்கார் வரை நடந்தான்.