சொல்லிவிட்டுப் போவது

"டிக்கியில பையை வெச்சாச்சா?" என்று நாத்தனார் பிரீத்திகா வாசலிலிருந்து கேட்டபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பிரத்யுஷா அதைத் துடைக்கவில்லை.

அது கிஷனின் துணிப்பை. நாலு வயது மகனின் சட்டைகளை நேற்று அவளே மடித்து வைத்தாள். மடிக்கச் சொன்னவர் மாமனார் அழகிரிசாமி.

"இன்னைக்கு ஸ்கூல் கேட்டுல பையன் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினான்னா, அங்கிருந்தே பிரீத்திகா ஊட்டுக்குப் போயிருவான். கோயமுத்தூர்ல இருந்து படிக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கலாம்."

"அழ மாட்டானுங்க மாமா..."

"பாக்கலாம் அம்மணி. எம் பேச்சக் கேக்காம அங்கப்பன் புள்ள நடத்துற எடத்துல கொண்டுபோய் உட்டியே! அங்கப்பன் நம்ம தோட்டத்துல தேங்கா உரிச்சவன். அவன் மககிட்ட எம் பேரன் என்ன படிச்சான்?"

பிரீத்திகா சிரித்தாள். "மண்ணுல வெளையாடப் படிச்சானுங்கப்பா! எங்க லாஸ்யா அம்பது வரைக்கும் எழுதறா. இவன் சட்டைப் பித்தான் போடறான்!"

பிரத்யுஷா கணவனைப் பார்த்தாள். ரவிதேஜா காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

அந்த மழலையர் பள்ளியை அவள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. வடவள்ளியில் ஒன்றைப் பார்த்தாள். குழந்தைகள் வாயைத் திறக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தன. லாஸ்யா போன மழலையர் பள்ளியில் ஆயா காக்காயைக் காட்டும்போது ஒரு தாய் நழுவிப் போனாள். அந்தக் குழந்தை வெகுநேரம் கதவைத் தட்டியது. தொண்டாமுத்தூரில் அங்கப்பன் மகள் அன்புக்கரசியின் இடத்தில் சுவரெல்லாம் கிறுக்கல். ஆனால் டீச்சர் தரையில் உட்கார்ந்து, ஒரு திக்குவாய்ப் பையன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

அங்கே ஒரே ஒரு கட்டளைதான். "ஏமாத்திட்டுப் போகக் கூடாதுங்க. எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. சொன்னா வந்துரோணும்."

அந்தச் சொல்லுக்காகப் பிரத்யுஷா அவிநாசியில் தன் தங்கையின் வளைகாப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்தாள். வளையல் போடுவதற்கு முன்பே! "கூடப் பொறந்தவளவிட உனக்கு அந்தப் பால்வாடி பெருசா?" என்று அம்மா அழுதாள். தங்கை இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. பால் குடித்ததும் வருவதாகக் கிஷனிடம் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் காரணம். யாரிடம் போய் இதை விளக்குவது?

கோயமுத்தூர்ப் பெரிய பள்ளி வாசலில் ஒரே அழுகைச் சத்தம். கிஷனுக்கும் லாஸ்யாவுக்கும் எல்.கே.ஜி.யில் முதல் நாள்.

"லாஸ்யா, அங்க பாரு ஊஞ்சலு!" என்றாள் பிரீத்திகா. குழந்தை திரும்பியதும் ஓடிப்போய்க் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். லாஸ்யா திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம் அவள் போட்ட அலறலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

பிரத்யுஷா மண்டியிட்டாள்.

"கிஷன், அம்மா போயிட்டு வாரேன் கண்ணு. மத்தியானம் சாப்பிட்டதும் மணி அடிப்பாங்க. அப்ப வாரேன்."

கிஷனின் உதடு கோணியது. கண் நிறைந்தது. அழகிரிசாமி ஓர் அடி முன்னால் வந்தார்.

"இந்த கேட்டுக்கா?" என்றான் கிஷன்.

"இதே கேட்டுக்குத்தான்."

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "சரிங்கம்மா. போயிட்டு வாரேனுங்க."

போனவன் லாஸ்யா அருகில் நின்றான். அவளையே ஆச்சரியமாகப் பார்த்தான்.

"ஏன் அழுவற? உங்கம்மா சொல்லிட்டுப் போகலையா?"

காருக்குப் பின்னால் பிரீத்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களை மீறி அழுகை வெடித்தது.

"அப்பா... எங்கிட்டயும் நீங்க சொல்லலையே! தாராபுரம் ஹாஸ்டல்ல... தேங்கா பன்னு வாங்கியாரேன்னு போனீங்களே! நான் ஜன்னல்லயே நின்னுட்டு இருந்தேனுங்கப்பா... இருட்டற வரைக்கும்!"

அழகிரிசாமி தலை குனிந்தார்.

பிரத்யுஷா நாத்தனாரின் தோளைத் தொட்டாள். "அண்ணி, இன்னும் கேட்டு மூடலைங்க. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

பிரீத்திகா ஓடினாள். மகள் முன்னால் மண்டியிட்டாள். லாஸ்யா அவளை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். கடைசியில் விசும்பிக்கொண்டே கிஷனின் கையைப் பிடித்து உள்ளே நடந்தாள்.

திரும்பி வந்த பிரீத்திகா பிரத்யுஷாவைக் கட்டிக்கொண்டாள். "உம்மவனைப் பறிக்கப் பாத்தேனே... மன்னிச்சிரு!"

"அழுவாதீங்க அண்ணி..." என்றவளும் அழுதாள்.

ரவிதேஜா டிக்கியைத் திறந்தான். துணிப்பையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தான். "அவனை யாரும் எங்கயும் அனுப்ப வேண்டாம்ப்பா," என்றான். அப்பாவை எதிர்த்து அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அழகிரிசாமி எங்கோ நடந்து போனார்.

மத்தியானம் மணி அடித்தபோது பிரத்யுஷாவும் பிரீத்திகாவும் வாசலில் நின்றார்கள். கிஷன் வந்தான். அம்மாவைக் கண்டு அவனுக்கு ஆச்சரியமே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"லாஸ்யாகிட்ட நாந்தான் சொன்னேனுங்க, வருவாங்கன்னு."

அப்போது அழகிரிசாமி வந்து சேர்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அம்மணி, நாளைக்கு அன்புக்கரசி டீச்சரைப் பாக்கப் போகோணும். நானும் வாரேன்."

டீச்சர் என்றார்! பிரத்யுஷா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவர் மகள் பிரீத்திகாவிடம் போனார். பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தேங்காய் பன், இன்னும் சூடாக.

"வர நேரமாயிப்போச்சு கண்ணு," என்றார்.