முத்திரை வைத்த கதவு

தலைமன்னார் இறங்குதுறையில் எங்கள் ஒஸ்ரின் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது காலை ஆறு மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. 1961ஆம் ஆண்டு, ஆவணி மாதம். காற்றில் கருவாட்டு மணம். என் அக்காவின் கணவர் கொன்ஸ்ரன்ரைன் இறங்கி, நான்கு சில்லுகளையும் காலால் தட்டிப் பார்த்தார்.

அங்கிருந்து நாட்டின் தெற்குக் கோடியான தேவேந்திரமுனைவரை முந்நூறு மைலுக்கு மேல். ஏழரை மணித்தியாலத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடியவர் எவரும் இல்லை. ஏழு மணித்தியாலத்தில் ஓடிக்காட்டுவதாக அத்தான் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்து நேரம் பார்ப்பது மைத்துனனான என் வேலை.

கொழும்பிலிருந்து வந்திருந்த நடுவர் கண்டிப்பானவர். வழியில் வேறு சாரதி ஏறி ஓட்டிவிடக் கூடாதென்று பின்கதவுகள் இரண்டிலும் காகிதம் ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார். மூன்றாவது ஆள் ஏறினால் ஓட்டம் செல்லாது.

"செபம் சொல்லிப்போட்டு வெளிக்கிடுவம் அத்தான்."

"போகப் போகச் சொல்லு, எமிலி. அந்தோனியாரை மட்டும் ஏறச் சொல்லாத. பின்கதவு பூட்டியாச்சு," என்று சிரித்தார்.

மன்னார்ப் பாலம் தாண்டும்போது நாங்கள் குறித்த நேரத்துக்கு நான்கு நிமிடம் முந்தியிருந்தோம்.

நறுவிலிக்குளத்துக்குத் திரும்பும் இடத்தில் ஆட்டு மந்தை தெருவை மறித்தது. அத்தான் பிறேக் போட்டு, விடாமல் ஹோர்ன் அடித்தார். ஆடுகள் அசையவில்லை.

மதகில் ஒரு பெண் இருந்தாள். நிறைமாதம். எங்களைக் கண்டதும் எழும்பி, மெல்ல மெல்ல என் பக்கம் வந்தாள். சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது.

"அண்ணை, பனிக்குடம் உடைஞ்சிட்டுது. பஸ்ஸைக் காணேல்லை. முருங்கன் ஆசுப்பத்திரியில இறக்கிவிடுங்கோ."

ஆசுப்பத்திரி எங்கள் வழியில்தான். ஐந்து நிமிட ஓட்டம்.

நான் அத்தானைப் பார்த்தேன்.

"கதவு முத்திரை வைச்சுக் கிடக்கு, பிள்ளை. திறக்கேலாது," என்றார். குரலில் கோபம்கூட இருக்கவில்லை. "பின்னால பஸ் வருது."

பஸ் வரவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை."

"எமிலி, கண்ணாடியை ஏத்து."

நான் ஏற்றினேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி விரல் நசிந்தது.

ஆடுகள் விலகின. ஆடுகளுக்காக நாங்கள் இரண்டரை நிமிடம் நின்றிருந்தோம். மணிக்கூட்டில் பார்த்தேன்.

முருங்கன் ஆசுப்பத்திரியின் வாசல் திறந்து கிடந்தது. அறுபது மைல் வேகத்தில் அதைக் கடந்தோம்.

கொஞ்சத் தூரம் போனதும் அந்த மணம் வந்தது. ஈரமும் இரத்தமும் கலந்த, பிள்ளைப்பேற்று அறையின் மணம். பிறகு பின்சீற்றுக் கம்பிச்சுருள்கள் ஒருவர் அமரும்போது முனகுவதுபோல முனகின.

நான் திரும்பவில்லை.

மதவாச்சி நெருங்கும்போது என் பிடரியில் மூச்சுப் பட்டது.

"அண்ணை, ஆசுப்பத்திரி வந்திட்டுதோ?"

அத்தானின் முகம் வெளிறியது. "என்ன கதைக்கிறாய்?"

"நான் கதைக்கேல்லை."

அநுராதபுரத்தில் கேட்டாள். புத்தளத்தில் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பணிவாகத்தான் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிலாபத்தில் கேள்வி நின்று, பல்லைக் கடித்த முனகல் தொடங்கியது.

"நிப்பாட்டுவம் அத்தான்."

"ஆரை இறக்க?" என்றார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிக் கூரையைப் பார்க்க வைத்தார். "பின்னால ஒருத்தரும் இல்லை."

களுத்துறைப் பாலத்தில் ஒரு குழந்தை அழுதது.

ஒரே ஒரு தடவை.

தேவேந்திரமுனையில் மணிக்கூட்டை நிறுத்தினேன். ஆறு மணித்தியாலம், ஐம்பத்தாறு நிமிடம். அங்கே காத்திருந்த இன்னொரு நடுவர் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். எங்கும் கிழியவில்லை. அரக்கை உடைத்துக் கதவைத் திறந்தார். சீற்று வெறுமையாக, உலர்ந்து, சுத்தமாக இருந்தது. எங்களுக்குக் கைகொடுத்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்கள். அத்தான் படத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

மறுநாள் திரும்பி வரும்போது முருங்கனில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். கடைக்கார அபூசாலி காக்கா தானாகவே சொன்னார்.

"நேத்து அந்த மதகடியில ஒரு பொம்புளை மௌத்தாப் போயிட்டா தம்பி. செத்த உடம்பைப் பாத்து, பிள்ளை பிறந்திருக்கு எண்டு டொக்டர் சொல்றார். பிள்ளையைத்தான் காணேல்லை. காடெல்லாம் தேடுறாங்கள்."

அத்தான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நரி கொண்டுபோயிருக்கும்," என்றார்.

வீட்டுக்கு வந்து கார்த் திறப்பை என் கையில் தந்தவர், பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை.

நான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, நடந்ததைச் சொன்னேன். தெருவில் நிற்கும் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகாதே என்பதுதான் சுவாமி தந்த பிராயச்சித்தம். ஆண்டவர் நம்மிடம் சின்னச் சின்ன இரக்கத்தைத்தான் கேட்கிறார், அதைக் கொடுத்துக்கொண்டே இரு என்றார். நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பதினொரு வருடமாக எல்லாருக்கும் நிறுத்துகிறேன். ஒருவரும் ஏறுவதில்லை. குனிந்து உள்ளே பார்ப்பார்கள், "இடமில்லைப் போல" என்று விலகிவிடுவார்கள். காரை விற்கப் பார்த்தேன். வாங்க வந்தவர்களும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன கிழமை, பட்டப்பகலில், உயிலங்குளத்துக்கு இப்பால் ஒரு பெண் தனியாக நின்று கை காட்டினாள். நிறைமாதம். முகத்தில் வலி தெரிந்தது. நானே இறங்கிப் பின்கதவைத் திறந்தேன்.

"ஏறுங்கோ தங்கச்சி."

அவள் குனிந்தாள். முகம் இளகியது. உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

"முன்னால எண்டாலும் இருங்கோ," என்று கெஞ்சினேன்.

"வேண்டாம் அண்ணை." நித்திரையில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாள். "பச்சைப் பிள்ளையோட கிடக்கிறா, பாவம். இரத்தம் நிக்கேல்லை. எனக்காக நிண்டு பிந்தாதேங்கோ. வேகமா ஓடுங்கோ."

கதவை அவளே, சத்தம் வராமல், சாத்திவிட்டாள்.