ஓயாமல் மினுக்கிய பச்சை விளக்கு

செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளுக்கு உயிர் கொடுப்பதால் தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அவள் கணவரோ, அவள் கேட்கும்போது ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுப்பதோடு சரி. ஆகவே அவர் கம்பவுண்டர். அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. துப்பறிவதில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

அன்று காலை கடைக்குள் வந்த நிறைமாதக் கர்ப்பிணி, நாற்காலியில் உட்காருவதற்குள் அழுதுவிட்டாள்.

"எங்க அப்பாவோட குரல் காணாமப் போச்சு, டாக்டரம்மா."

"தொண்டை டாக்டர் பக்கத்துத் தெருவுல..." என்று ஆரம்பித்த கம்பவுண்டர், மனைவி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். வாரக்கணக்கில் வெளியூர். வழியில் வண்டியை ஓரங்கட்டி, மகளுக்காகக் கதை சொல்லிப் பதிவு செய்துகொண்டு வருவார். அவள் உம் கொட்டுவதற்கு நடுநடுவே இடம்கூட விடுவார். பிற்பாடு தொண்டையில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. கதைகள் மட்டும், வீட்டார் எல்லோரும் போனிலிருந்தே திறந்து பார்க்கும் ஹார்டு டிஸ்க் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாத்தாவின் குரல் என்று மிஞ்சியது அவ்வளவுதான். போன வாரம் அவளுடைய தம்பி அந்தப் பெட்டிக்குப் பெரிய டிஸ்க்குகள் போட்டான். அதன் பிறகு கதைகள் இருந்த ஃபோல்டரையே காணவில்லை.

"பேக்கப் எடுக்கிற பழக்கம் இல்லையா?"

"தினமும் தானா எடுக்கும். அதுலயும் காணோம். தம்பி இடிஞ்சு போயிட்டான். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, தாங்க மாட்டார்."

அவள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. தம்பியும் வீட்டு மாப்பிள்ளையும் துக்க வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மொட்டை மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

"நடந்ததை முதல்லேருந்து சொல்லுப்பா" என்றாள் டாக்டரம்மா.

"ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சரக்குதான் இருக்கும், மேடம். ஒண்ணைக் கழட்டிட்டுப் பெருசைப் போட்டேன். அது மத்ததைப் பார்த்து முழுசா காப்பி எடுத்தப்புறம்தான் அடுத்ததைத் தொட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு முந்தின நாள் சாப்பிடுறப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன், முக்கியமானதை அவங்கவங்க சொந்த ஃபோல்டர்ல இன்னொரு காப்பி வெச்சுக்குங்கன்னு."

"பழைய டிஸ்க்குங்க எங்க?"

"அழிச்சுட்டு ஃபிரெண்டுக்குக் குடுத்துட்டேன்." அவன் தலை கவிழ்ந்தது.

கம்பவுண்டர் மனைவியின் காதைக் கடித்தார். "மாப்பிள்ளைதான். இடம் பத்தலைன்னு ஏதோ ஆபீஸ் வீடியோவுக்காக அழிச்சிருப்பார். முழியே சரியில்ல."

"ரெண்டு நாளா தூங்கலைன்னா முழி அப்படித்தாங்க இருக்கும்."

மாற்றுவதற்கு முன் பெட்டியின் திரையைத் தம்பி படம் எடுத்து வைத்திருந்தான். அதில் தெரிந்த நிரம்பிய அளவையும் இப்போதைய அளவையும் டாக்டரம்மா ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. "ம்" என்றாள். பிறகு வெகுநேரம் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது பெட்டியைப் பயன்படுத்தினாத்தான் இந்த விளக்கு மினுக்கும். இப்ப யாராவது அதுலேருந்து ஏதாவது ஓட்டிக்கிட்டிருக்கீங்களா?"

இல்லை என்று எல்லோரும் போனை மேசைமேல் வைத்தார்கள். விளக்கு மட்டும் ஓயாமல் மினுக்கியது.

"புது டிஸ்க் இல்லையா, கொஞ்சம் ஆட்டம் போடுது" என்றார் கம்பவுண்டர்.

அந்த நேரத்தில் அப்பா காலி ஃபிளாஸ்க்குடன் இறங்கி வந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன், சட்டைப்பையில் போன். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பினார். "டிவி ரிப்பேருக்கு வந்திருக்காங்கப்பா" என்று மகள் கூசாமல் புளுகினாள். அவர் தலையாட்டிவிட்டு, வெந்நீர் நிரப்பிக்கொண்டு மறுபடி மாடியேறினார். டாக்டரம்மாவின் கண் அவர்மேல் இல்லை, விளக்கின்மேல் இருந்தது. அவர் கீழே இருந்தவரை அது ஆடாமல் அசையாமல் எரிந்தது. அவர் மேலே போன சற்றைக்கெல்லாம் மினுக்கத் தொடங்கியது.

"யாரும் எதையும் அழிக்கல" என்றாள் டாக்டரம்மா. "அழிச்சிருந்தா அளவு குறைஞ்சிருக்கணும். குறையல. அப்படின்னா கதைங்க பெட்டிக்குள்ளயே வேற இடத்துல இருக்கு. பேக்கப் பொது ஃபோல்டரை மட்டும்தான் பார்க்குது, சரியா?"

"ஆமா மேடம்."

"அதான் அங்கேருந்து நகர்ந்ததும், தினம் பழசை அழிச்சுப் புதுசா எழுதுற பேக்கப்லயும் மறைஞ்சிருச்சு. நீ காப்பி வெச்சுக்கச் சொன்னே. அப்பா காப்பி பண்ணாம இழுத்துப் போட்டுட்டார், மொத்தமும் அவர் ஃபோல்டருக்குப் போயிருச்சு. அதை நீங்க திறந்து பார்த்திருக்க மாட்டீங்க."

"அடுத்தவங்க ஃபோல்டரைத் தொடுறதில்லைன்னு எங்க வீட்ல ஒரு பேச்சு, மேடம்" என்றான் தம்பி.

"நல்ல பேச்சுதான். ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அவர் மனசு நோகக்கூடாதுன்னு வீடே பொத்திப் பொத்தி வெச்சிருக்கு. தொலைஞ்சதா நீங்க நினைக்கிறதை அவர் தினம் மேல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கார்."

மகள் மாடிப்படியைப் பார்த்தாள். "குரல் போனதிலேருந்து அவர் அதைக் கேட்டதே இல்லையே. வலிக்கும்னுதான் நானும் அவர் எதிர்ல போட மாட்டேன்."

"ஏன் கேக்கிறார்னு எனக்கும் தெரியலம்மா. வெந்நீர் எதுக்குன்னும் தெரியல. வாங்க, போய்ப் பார்ப்போம்."

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்கு அப்பாலிருந்து ஒரு கரகரத்த ஓசை வந்தது. காற்றை விழுங்கி, ஏப்பம்போல் வெளியே தள்ளி, ஒவ்வொரு எழுத்தாக வார்த்தையாக்கும் ஓசை. குரல்வளையை இழந்தவர்கள் பழகிக்கொள்ளும் பேச்சு அது.

"ஒரே... ஒரு..." நின்றது. ஹெட்ஃபோனில் பழைய குரலை மறுபடி கேட்டார். ஒரு மடக்கு வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு திரும்பவும் முயன்றார். "ஒரே... ஒரு... ஊர்ல..."

கதவு கிறீச்சிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். திருடுகிறபோது பிடிபட்ட பிள்ளைபோல் முகம் சிவந்தது. மகளின் வயிற்றைக் காட்டி, மூச்சைத் திரட்டிச் சொன்னார்: "பாப்பாவுக்கு... நானே..."

கம்பவுண்டர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். மாப்பிள்ளையைச் சந்தேகித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

"தம்பி, முதல்ல அப்பா ஃபோல்டரையும் பேக்கப்ல சேர்த்துடு" என்றாள் டாக்டரம்மா மெல்ல. "இன்னொரு காப்பி எடுத்து வேற வீட்ல வை. பெரிய டிஸ்க்ல இடம் நிறைய இருக்கில்ல?"

"நிறைய இருக்கு மேடம்."

"அப்ப இந்தக் குரலையும் பதிவு பண்ணு."

தம்பி போனை எடுத்து நீட்டினான். மகள் அப்பாவின் எதிரே மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே... ஒரு... ஊர்ல..." என்றார் அப்பா. பழக்கதோஷத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"உம்" என்றாள் அவள்.