மூன்றாம் ஓலை

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகட்டும்.

மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர்தான் அந்த ஊரில் துப்பும் துலக்குவார். கண்ணாடிக்காரர் என்பார்கள். ஒரு சனிக்கிழமை, அவருடைய மச்சான் கடையில் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்த் தேவாலயத்து ஆயரின் ஒரே மகள் ஓடிவந்தாள்.

"அண்ணா, ஓலைப் புத்தகத்துல என் பக்கத்தைக் காணோம்!"

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டு, ஆயர் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு முடிந்துவிட்டது. பக்கம் இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. மாப்பிள்ளையோ அவளையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை கப்பலேற வேண்டும். தவறினால் அவர் மறுபடி ஊருக்கு வர ஐந்து வருஷம்.

இருவரும் அவளோடு ஓடினபோது, ஆலயத்து அங்கி அறையில் ஆயர் துணிமூட்டைபோல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருஷ ஊழியம், ஒன்பது சபை. "என் கையில என்ன இருக்கு?" என்றார்.

மச்சான் துள்ளினார். "ஆர்கன் வாசிக்கிறவன்தான்! இவளைப் பொண்ணு கேட்டு மூக்கறுபட்டவன்!"

"யோவ்!" வாசலில் நின்ற ஆர்கன்காரர் சீறினார். "எனக்கும் இந்த வாரம் மூணாம் ஓலைய்யா! அதுவும் அந்தப் பக்கத்துலதான் இருந்துச்சு!"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, மச்சான்," என்ற கண்ணாடிக்காரர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஆர்கன்காரரின் ஓலை அங்கே முத்து முத்தாக இருந்தது. இரண்டு ஞாயிற்றின் தேதி, இரண்டு கையெழுத்து. விரலால் தடவிக் காட்டினார். கறுப்பாக ஒட்டியது.

"ரெண்டு வாரத்துக்கு முந்தின மை இன்னும் காயல. அடுத்தவன் கல்யாணம் கெடக் கூடாதேன்னு எந்தத் திருடன் உக்காந்து நகல் எடுப்பான்? கையெழுத்தும் அசல். அதைப் போடக்கூடியவர் ஒருத்தர்தான். ஐயா, எரிக்க மனசு வந்திருக்காதே?"

ஆயர் அங்கிக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"ஆட்சேபணை உண்டான்னு கேக்கறவன் தானே பதில் சொல்ல முடியாது, தம்பி. முப்பத்தெட்டு வருஷத்துல ஒருத்தன்கூட எந்திரிச்சதில்ல. இந்தத் தடவையாவது எந்திரிப்பான்னு ரெண்டு வாரமாப் பாத்தேன்."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!"

"சொன்னா நீ நின்னுடுவியேம்மா."

கண்ணாடிக்காரர் தாளை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டினார்.

மறுநாள் ஆயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை கேட்டுவிட்டு, வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். சபையில் ஒரு இருமல்கூட எழவில்லை. கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது.

திருச்சபையின் ஊழியர் பட்டியலில் அந்த ஆயரின் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பு: கடைசிவரை மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை.