தொண்ணூற்றிரண்டு சதவீதம்

லிங்கராஜபுரத்தில் குணசேகர் வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் ஜோசபின். தெருக்கோடியில்தான் அவள் போகும் சர்ச். இரண்டு ஞாயிறாக அங்கே தலைகாட்டவில்லை. எல்லோரும் தன்னைத் திருடி என்று பேசுவதாக நினைப்பு. பாதிப் பேர் பேசத்தான் செய்தார்கள்.

குணசேகர் தடய அறிவியல் கூடத்தில் வேதியியல் பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறக்க யோசிப்பார். அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்ள மனைவி ஜகதாம்பாள் இருந்தார். எந்த வழக்கு வந்தாலும் காபி ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார், அதுவும் இரண்டு மூன்று பேரை.

ஜோசபின் தங்கவயல்காரி. தண்ணீரில் யுரேனியம் பார்க்கும் தனியார் ஆய்வகத்தில் வேலை. வைட்ஃபீல்ட் அடுக்குமாடி ஒன்றின் போர்வெல் தண்ணீருக்கு அவள் கொடுத்த அளவு லிட்டருக்கு இருபத்தொரு மைக்ரோகிராம். முப்பதுவரை குடிக்கலாம். இரண்டு மாதம் கழித்து வேறோர் ஆய்வகம் அதே தண்ணீருக்கு நாற்பத்திரண்டு என்றது. அதற்குள் அத்தனை குடும்பங்களும் அதைக் குடித்து, குழந்தைகளுக்கும் அதிலேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாயிற்று. யுரேனியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுக்குமாடியைக் கட்டிய பில்டரிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள் என்று ஆய்வகத் தலைவர் டாக்டர் ப்ரஹ்லாத் எல்லோர் முன்னாலும் சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் அவள் பெயரை அறிவிக்கப்போகிறாராம். அப்புறம் பெங்களூரில் எந்த ஆய்வகமும் அவளை வாசற்படி ஏற்றாது.

"வேலை அவ்ளோ சுத்தமா வந்துச்சு அங்கிள். மத்த அஞ்சு சாம்பிளுக்கும் ரெகவரி நாப்பத்தாறு, நாப்பத்தேழுதான். இது மட்டும் தொண்ணூத்திரெண்டு. எங்க லேப்ல யாருமே அவ்ளோ எடுத்ததில்ல."

ஜகதாம்பாளுக்கு விளங்கவில்லை. குணசேகர் சொன்னார். தண்ணீரைப் பிசின் நிரப்பிய குழாயில் விட்டு யுரேனியத்தைப் பிரிக்கும்போது கொஞ்சம் வீணாகும். எவ்வளவு வீணானது என்று தெரிய, முதலிலேயே வேறு வகை யுரேனியத்தில் அளவு தெரிந்த ஒரு துளியைச் சேர்ப்பார்கள். ட்ரேசர் என்று அதற்குப் பெயர். கடைசியில் துளியில் பாதி மிஞ்சினால், தண்ணீரின் யுரேனியத்திலும் பாதிதான் மிஞ்சியது என்று கணக்கிட்டு அதை இரட்டிப்பார்கள். துளியில் மிஞ்சும் அந்தச் சதவீதம்தான் ரெகவரி.

"அப்ப யாரோ கேன் தண்ணிய கலந்துட்டாங்க" என்று ஜகதாம்பாள் வழக்கை முடித்தார்.

"கலந்தா யுரேனியம் பாதியாகும், சரி. நாம போட்ட துளி எப்படி ரெட்டிப்பாகும்?"

குணசேகர் அன்று நடந்ததை ஜோசபினிடம் முதலிலிருந்து கேட்டார். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே ஆறு பீக்கரில் தண்ணீரை ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு ஜோசபின் ஊருக்குப் போயிருந்தாள். விஜயதசமியன்று வந்து ஒவ்வொன்றிலும் துளி சேர்த்தாள். வைட்ஃபீல்ட் தண்ணீர்தான் முதல் பீக்கர். ட்ரேசர் புட்டி இருக்கும் அலமாரிக்கு இரண்டே சாவி, அவளிடம் ஒன்று, டாக்டரிடம் ஒன்று.

மறுநாள் மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். 'இது ஆய்வகம், கோயில் அல்ல. பூஜைக்கு அனுமதி இல்லை' என்று கதவில் டாக்டர் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்து ஜகதாம்பாள் முகத்தைச் சுளித்தார். ப்ரஹ்லாத் மரியாதையாகவே அலமாரியைத் திறந்து காட்டினார். சின்னப் புட்டி. மூடியின் வரிப்பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஏங்க, இது குங்குமம்" என்றார் ஜகதாம்பாள். இந்த ஒரு விஷயத்தில் அவர் தப்புவதில்லை.

குணசேகர் தலையசைத்தார். "ஜோசபின் பொட்டு வைக்கிற பொண்ணு இல்ல. இன்னொரு சாவி உங்ககிட்ட, டாக்டர். முதல் பீக்கர்ல துளி ரெண்டு தடவை விழுந்திருக்கு. அதான் நாப்பத்தாறு தொண்ணூத்திரெண்டாச்சு, நாப்பத்திரெண்டு இருபத்தொண்ணாச்சு. லஞ்சம் வாங்கினவ இருபத்தொண்ணை மட்டும் எழுதிட்டு வாயை மூடிட்டிருப்பா. தொண்ணூத்திரெண்டைப் பெருமையா சொல்லிக்க மாட்டா."

ப்ரஹ்லாத் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். விஜயதசமி நாளில் வேலையைத் தன் கையால் தொடங்கினால் நல்லது என்று வீட்டில் பழகிய பழக்கம், கதவில் எழுதி ஒட்டியும் விடவில்லை. யாரும் வருமுன் புட்டிக்குப் பொட்டு வைத்து, முதல் பீக்கரில் ஒரு துளி விட்டிருக்கிறார். ஜோசபினிடம் சொன்னால், ஏன் நீங்க போட்டீங்க என்று கேட்பாளே என்று வெட்கம். அப்புறம் மறந்தும் போய்விட்டார்.

"ரெண்டாவது ரிப்போர்ட் வந்தன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார், தரையைப் பார்த்தபடி. "எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

"சிரிப்புக்குப் பயந்து ஒரு பொண்ணைத் திருடி ஆக்கிட்டீங்க, சார். நீங்களே வெள்ளிக்கிழமை சொல்லணும். குங்குமத்தையும் சேர்த்து" என்றார் குணசேகர்.

சொன்னார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், பிள்ளைக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும் என்று மட்டும் கேட்டாள். ப்ரஹ்லாதால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜகதாம்பாள் ஜோசபினின் கையை அழுத்தி, பெயர் சுத்தமாகிவிட்டது, கிளம்பலாம் என்றார். ஜோசபின் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தொண்ணூத்திரெண்டு வந்தப்பவே எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. நல்லா வந்திருக்குன்னு எங்கம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன்."