மூன்று பிடி மண்

வாரிவிட்ட மணலின் நட்டநடுவில் ஒரு சின்னக் கால் பதிந்திருந்தது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. நாயென்றால் நாலு கால், நண்டென்றால் கோடு. இதுவோ ஐந்து விரலும் தெளிவாக, ஒரே ஒரு கால். ஜெஸீம் மணல் வாரும் றேக்கைப் பிடித்தபடி குழியின் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பயப்பட வேண்டியவன் பயப்படவில்லை, அதுதான் கேடு. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நிந்தவூருக்குத் தெற்கே, கடலோரத்தில், வெள்ளைக்காரத் துரைமார் விளையாடிய பழைய கோல்ஃப் மைதானம் அது. துரைமார் போனார்கள், மாடு மேய்ந்தது, யுத்தம் வந்தது, கடைசியில் கடலே எழும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது. இப்போது ஒரு ஹோட்டல்காரர் வாங்கி, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, புல்திடல்களையும் மணற்குழிகளையும் முன்பு இருந்தபடியே எழுப்பச் சொல்கிறார். மணற்குழியை அவர் பங்கர் என்றபோது ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் பங்கர் என்றால் ஷெல்லுக்குப் பயந்து ஒளிந்த குழிதான். புல் வேலையைப் பாண்டிருப்பு நல்லரெத்தினம் பார்த்தான். குழிகளுக்கு மணல் எடுத்து, அரித்து, நிரப்புவது ஜெஸீமின் பொறுப்பு.

மணலுக்கு அவன் காட்டிய இடம் தாழங்காட்டுக்குப் பின்னாலிருந்த மேடு. சுனாமி அன்று கரையொதுங்கியவர்களைக் குளிப்பாட்ட நேரமில்லாமல், உடம்பை மூடக் கபன் துணியும் இல்லாமல், அவசர அவசரமாகப் புதைத்த மேடு.

“காக்கா, அந்த மேட்டில மட்டும் கை வைக்காதீங்க” என்று நல்லரெத்தினம் அப்போதே மறித்தான். “ஒங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் ஒண்டாப் படுத்திரிக்கிற இடம்.”

“தெரியும் தம்பி. அதுக்காகத்தான் எடுக்கிறன்.”

அவனுடைய மகள் அம்ஹா அங்கேதான் இருக்க வேண்டும். கடல் வந்த அன்று அவன் கத்தாரில். அவன் அனுப்பிய பச்சைக் காப்பைப் போட்டுக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளை கிடைக்கவே இல்லை. அடக்கத்துக்குப் போகிறவர்கள் கபுறில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது வழக்கம். ஊரில் எத்தனையோ மையத்துக்குப் போட்ட கை அது, பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி போடவில்லை. அந்த ஏக்கம் அவனை இத்தனை வருடமாகத் தின்றது. முந்தின நாள் அரிதட்டில் பச்சைக் காப்பின் பாதித் துண்டு தங்கியபோது, நடுவீதியில் பைத்தியக்காரனைப் போல அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். மனைவி கைருன்னிஸா, ஒவ்வொரு நோன்புக்கும் துவைத்து அலுமாரியில் வைத்திருந்த சின்ன வெள்ளைக் கபன் துணியை இன்று காலையில் எடுத்துத் தந்தாள்.

“இந்த முறையாவது புள்ளய மூடிட்டு வாங்க.”

அதற்குப் பிறகு யார் புத்தி சொல்லி என்ன?

“வாங்க காக்கா, லொறி வெளிக்கிடப் போகுது.” நல்லரெத்தினம் குழிக்குள் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. “ஐயோ, இது வேலையாக்கள்ர கால் இல்ல. வாங்க போவம்.”

“நீங்க போங்க. நான் இத வாரிட்டு வாறன்.”

லொறிச் சத்தம் பெரிய றோட்டில் ஏறி மெல்ல மெல்லக் கரைந்த பிறகு, தென்னைகளில் காற்று ஓய்ந்து, கடல் வழக்கத்தைவிடத் தூரத்தில் இரைவதுபோலக் கேட்க, புதுப்புல்லின் ஈர வாசத்துக்கு அடியிலிருந்து, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் வருமே, அந்தப் புழுங்கிய வாசம் எழும்பி வந்தது. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஜெஸீம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். மையவாடியில் கால் வைத்ததும் சொல்கிற சலாமை வாய் தானாகச் சொன்னது. பழக்கம் விடுமா? அரபியில் சொன்னதைத் தமிழிலும் சொன்னான், பிள்ளைக்கு விளங்கட்டும் என்று.

“கபுறுவாசிகளே, உங்கள் மீது சாந்தி உண்டாவதாக. அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களோடு வந்து சேருவோம்.”

மணல் சரசரத்தது. இந்தக் குழியில் மட்டுமல்ல. அப்பால், அவன் நிரப்பியிருந்த மற்றக் குழிகளிலும்.

“மகள்? வாப்பா வந்திரிக்கன் கிளி.”

இரண்டாவது கால் பதிந்தது. பிறகு இன்னொன்று. அவனை நோக்கி. அவனுக்கு முன்னால் வந்து நின்றது. மணல் பிளந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது, மணிக்கட்டில் பாதிக் காப்பு. ஜெஸீம் முழங்காலில் விழுந்து விம்மினான். மடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அந்தக் கையின் மேல் விரித்தான். கை அதை விலக்கியது. ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான். கை உதறியது. இன்னொரு பிடி. உதறியது.

“ஏன் மகள்? என்ன வேணும் ஒனக்கு?”

எழும்பப் பார்த்தான். முடியவில்லை. முழங்கால் மணலுக்குள். இடுப்பு. இழுக்கவில்லை யாரும். மணல் இடம் கொடுத்துக்கொண்டே போனது. சட்டைப்பையில் போன் அடித்தது. கைருன்னிஸாதான். கையை அசைக்க முடியவில்லை. அடித்தது. அடித்தது. மணலுக்குள் போய், அங்கேயும் அடித்தது.

“யா அல்லாஹ்! நல்லரெத்தினம்!”

நெஞ்சு. தோள்.

ஈரமான சின்ன விரல்கள் கன்னத்தைத் தொட்டன. மெதுவாக, மிக மெதுவாக, அவன் முகத்தைக் கடலிலிருந்து மேற்கே திருப்பி வைத்தன. கபுறில் இறக்கிய மையத்தைக் கிப்லாவுக்கு, மக்கத்துத் திசைக்குத் திருப்புகிறபடி.

முதல் பிடி நெற்றியில் விழுந்தது. இரண்டாவது கண்ணில்.

மறு கண்ணால் பார்த்தான். மூன்றாவது பிடிக்கு அந்தச் சின்னக் கை குனிந்து அள்ளியது. அதற்குப் பின்னால் குழி முழுக்கக் கைகள் எழும்பி நின்றன. வளையல் போட்ட கைகள், நரம்போடிய கைகள், குழந்தைக் கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்.