இரண்டடி முன்னால் நடந்தவர்

கடிகாரச் சதுக்கத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து கோகுல்நாத் ஒரு தடவைகூடத் தன் ஊர் எருத்தேன்பதியைப் பேச்சில் இழுக்கவில்லை.

யோகப்பிரியாவுக்கு அது பெரிய நிம்மதி. தேனிலவுக்கென்று ப்ராக் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் இந்த மனுசன் வாயை மூடினானா? கோட்டையைப் பார்த்தால் நம்ம ஊர் நெல் குடோன், ஆற்றைப் பார்த்தால் நம்ம ஊர் வாய்க்கால். இன்றைக்கும் அந்தப் பழைய கடிகாரத்தின் பொம்மைகளை அம்மாவுக்கு வீடியோ எடுக்கிறேனென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பக்கத்தில் நிற்கவே அவளுக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தை விட்டு விலகி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏனுங்க, போலாமுங்களா?" என்றாள். புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. எம்.பி.ஏ. படித்தும் அவளுக்கும் வரவில்லை.

கூப்பிட்டதும் முக்காடு போட்ட அவனது பழுப்பு ஜெர்கின் அவளைத் தாண்டிப் போய் இரண்டடி முன்னால் நடந்தது. எந்த ஊருக்கு வந்தாலும் பெண்டாட்டிக்கு முன்னால் நடக்கிற அதே பெரிய மனிதத்தனம். அவளும் பழக்கத்தில் பின்னால் நடந்தாள்.

சர்க்கரை தூவிச் சுட்ட ரொட்டியின் மணமும், எங்கோ ஒரு கோயில் மணியின் கார்வையும், ஈரக் கல் தெருவில் உருளும் பெட்டிகளின் கடகடப்புமாக மதியம் சோம்பலாக நகர்ந்துகொண்டிருக்க, அத்தனைக்கும் அடியில் தூர் வாரிய கிணற்றுச் சேற்றின் வாடை ஒன்று ஜெர்கினிலிருந்து வந்துகொண்டே இருந்தது. குளிருக்குப் பயந்து குளிக்காமல் வந்திருப்பான். கருமம்.

ஆனாலும் அமைதி நன்றாக இருந்தது. "இப்படியே இருங்க. இப்பத்தான் பாக்கறதுக்கு மனுசனாட்டத் தெரியறீங்க" என்றாள், சிரித்துக்கொண்டே.

ஜெர்கின் தலையாட்டியது. மெதுவாக. கொஞ்சம் அதிக நேரம்.

கல் பாலத்தின் நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் செருப்பின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு ஜோடிக் கால் எங்கே?

அலைபேசி அடித்தது. கோகுல்நாத்.

"எங்க கண்ணு போயிட்டே? அர மணி நேரமா அந்தக் கடியாரத்துக்கு அடியிலயே நிக்கறன். எத்தன தடவ கூப்புடறது, லைனே கெடைக்கல." குரல் உடைந்திருந்தது. அழுதிருக்கிறான். அவளைத் தேடி அழுதிருக்கிறான்.

முன்னால் போனது நின்றது.

அவள் அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த வாயாடியிடம் ஓடிப்போய் நின்றுவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம். பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். கோகுல்நாத். ஐந்தே எழுத்துச் சின்னப் பேர். நாக்கு எழவில்லை.

"ஏனுங்க..." என்றுதான் வந்தது.

அது திரும்பியது.

முக்காட்டுக்குள் மீசை இல்லை. அவளுடைய மூக்குத்தி. அவளுடைய நெற்றி. அவள் காலையில் வைத்த பொட்டு.

குளிர்ந்த விரல்கள் அலைபேசியை வாங்கிக்கொண்டன. அவள் கத்தினாள். பாலத்தில் யாரும் திரும்பவில்லை. மறுபடியும் கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை.

"ஏனுங்க," என்றது அது, அவள் குரலில். "பாலத்துல நிக்கறனுங்க. இதா வந்தர்றன்."

"பதறாம மெதுவா வா கண்ணு," என்றான் கோகுல்நாத். "நான் இங்கயேதான் நிக்கறன்."

அது முக்காட்டைக் கழற்றி, கூந்தலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, கடிகாரம் இருந்த பக்கமாக நடந்தது.